காமாட்சி சொன்னதும் நான் சிங்களத்தில் சொன்னதும்

மகளே,

பெல்மதுளை நிவாரண ஒபீசில் வேலையைப் பொறுப்பேற்றுவிட்டாய் என்று நீ அம்மாவிடம் போனில் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அம்மா போனை என்னிடம் நீட்டினாள். நான் கையை ஆட்டிவிட்டு வெளியே போய்விட்டேன். அப்பாவுக்கு என்ன கோபம் என்று அவளிடம் கேட்டாயாம். கோபம் ஒன்றும் இல்லை, பாப்பா. எந்த முகத்தை வைத்துக்கொண்டு உன்னோடு பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. வாயால் சொல்ல முடியாததை எழுதியாவது சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீளமாகப் போகும். லீவு நாளாகப் பார்த்து, பதறாமல் படி.

நீ கிளம்புவதற்கு முன் கோயில் மண்டபத்தில் உனக்குப் பொன்னாடை போர்த்தினார்களே, அந்த நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும். இந்தத் தோட்டத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிற முதல் பிள்ளை என்று எல்லாருக்கும் பெருமை. மைக்கைக் கையில் கொடுத்ததும் நீ தயங்காமல் பேசினாய். நான் முன் வரிசையில் இருந்தேன். முதலில் கண் கலங்கியது. அப்புறம் நீ சொன்னாய்: "நம்ம ஆளுங்க நிவாரணத்துக்குக் கை நீட்டுறத முதல்ல விடணும். வறுமைன்னு சொல்லிப் பிள்ளைங்கள வீட்டு வேலைக்கு அனுப்பக் கூடாது. என் கூடப் படிச்ச கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி, அவங்க அம்மாவுக்குப் படிப்போட அருமை தெரியாததாலதான் இன்னைக்கு இந்த மேடையில இல்ல." எல்லாரும் கை தட்டினார்கள். நீ பேரைச் சொல்லவில்லை. வரிசையாகச் சுவர் ஒட்டி வீடுகள் இருக்கிற லயத்தில் யாருக்குத்தான் தெரியாது? நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால், தூணுக்குப் பக்கத்தில், பக்கத்து வீட்டுக் காமாட்சி நின்றிருந்தாள். அவளும் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் முடிந்ததும் நீ அவளிடம் போய்க் கையைப் பிடித்தாய். "நல்லா இரு பாப்பா" என்று உன் தலையைத் தொட்டாள். சாப்பிட உட்காரவில்லை. அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிப் போய்விட்டாள். காமாட்சியின் மகள் சாந்தி ஊருக்கு வந்திருந்தும் உன்னைப் பார்க்க வரவில்லை என்று அன்று சாயங்காலம் நீ வருத்தப்பட்டாய். "கல்யாணம் கட்டிப் போனதும் பெரிய ஆளாயிட்டா" என்றாய். நான் பக்கத்தில் இருந்தும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மேடையில் நீ பேசியது உன் பேச்சு இல்லை, மகளே. உன்னுடைய சின்ன வயதில் நான் உன் காதில் போட்ட பேச்சு அது. நான் சொன்ன ஒரு பொய்யை இத்தனை வருடம் நம்பி, அதையே ஊருக்குப் புத்திமதியாகச் சொல்லிவிட்டாய். குற்றம் உன்னுடையது இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் எஹலியகொட டவுனில் ஒரு கடையில் வேலை பார்த்துத்தான் சிங்களம் பழகினேன் என்பது உனக்குத் தெரியும். எப்படிப் பழகினேன் என்பதைச் சொன்னதில்லை. சம்பளத்துக்கு முந்தின நாட்களில் நம் ஆட்கள் குறுணல் அரிசி கேட்டு அந்தக் கடைக்கு வருவார்கள். முதலாளி அவர்களை உள்ளே விடமாட்டார். "தோட்டத்து ஆள் வந்தாலே கை முன்னால வரும், ஆள் பின்னால வருவான்" என்று மற்ற வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவர்களும் சிரிப்பார்கள். வேலை போய்விடக் கூடாதே என்று நானும் சிரித்திருக்கிறேன். வாசலில் நனைந்துகொண்டு நின்றவர்களில் ஒரு தடவை என் சொந்தத் தாய்மாமன் இருந்தார். அந்தக் கடையில் நான் சிங்களத்தோடு ஒரு வெட்கத்தையும் சேர்த்துப் படித்தேன். நம் ஆட்கள் யாராவது வெளி ஆளிடம் தன் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தால், என் காது சூடாகிவிடும். எப்படியாவது அந்தப் பேச்சை நிறுத்திவிட வேண்டும் என்று இருக்கும்.

பிறகு தோட்டத்துக்கு வந்து ரப்பர் பால் வெட்டினேன். சிங்களம் தெரிந்ததால் தோட்டத்துச் சங்கத் தலைவர் ஆனேன். தோட்டங்களைக் கம்பெனிகளிடம் கொடுத்த காலம் அது. மனேஜரிடம் பேச, பொலிசில் பிடித்த பையன்களுக்காகப் போய்ச் சொல்ல, ஐடின்டி கார்டு எடுத்துக் கொடுக்க என்று எல்லாவற்றுக்கும் என்னைத்தான் தேடினார்கள். தேர்தலில் நெடுங்காலம் இருந்த ஆட்சி மாறப்போகிறது என்று காற்று அடித்தபோது, புதிதாக வந்த கட்சியின் அமைப்பாளர் ஒருவர் நம் லயத்துக்கு வந்து என் காம்பரா வீட்டில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார். பெரிய வீட்டு மனிதர். நம் வீட்டுக் கோப்பையில் குடித்தார். அந்த ஒன்றுக்காகவே நான் அவருக்காக உயிரைக் கொடுத்திருப்பேன். வீடு வீடாகப் போனேன், போஸ்டர் ஒட்டினேன், கூட்டத்துக்கு ஆள் சேர்த்தேன். அவர்கள் ஜெயித்தார்கள். அன்று உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு டவுனில் ஊர்வலம் போனேன். உனக்கு ஞாபகம் இருக்கலாம்.

அதற்கப்புறம் அரசாங்கம் நிவாரணத்தைத் திருத்தப் போகிறோம் என்று சொன்னது. நம் லயத்தில் சில வீடுகளுக்குப் பழைய ஆட்சியில் முத்திரை கிடைத்து வந்தது. அதைக் கூட்டுறவுக் கடையில் கொடுத்து அரிசியும் மாவும் வாங்குவார்கள். பழைய கட்சி தன் ஆட்களுக்கெல்லாம் முத்திரையைக் கொடுத்து நாட்டின் பணத்தைக் கரைத்துவிட்டது, இனி உண்மையில் இல்லாதவர்களுக்கு மட்டும்தான், அதுவும் அவர்கள் சொந்தக் காலில் நிற்கும் வரைக்கும்தான் என்றார்கள். வடக்கில் யுத்தம் நடந்தது. அதற்குத்தான் காசு போகிறது, மிச்சத்தைப் பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும் என்றார்கள். டவுன் கூட்டத்தில் அமைப்பாளர், "இது பிச்சை போடுகிற அரசாங்கம் இல்லை, ஆளைத் தூக்கி நிறுத்துகிற அரசாங்கம்" என்று சொன்னார். நான்தான் அதைத் தமிழில் சொன்னேன். சொல்லும்போது என் உடம்பு சிலிர்த்தது. அந்தக் கடை முதலாளி இதைக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ இப்போது அதே நிவாரணத்தைப் பார்க்கிற ஒரு கதிரையில் உட்கார்ந்திருக்கிறாய். அதனால் ஒன்றை நேர்மையாகச் சொல்கிறேன். அந்தக் கொள்கை முழுக்கத் தப்பு என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். கஜானாவில் இருப்பது அளவோடுதான். யாருக்குக் கொடுப்பது, யாருக்கு நிறுத்துவது என்று எந்த அரசாங்கமும் முடிவெடுத்துத்தான் ஆக வேண்டும். பழைய காலத்தில் வசதி உள்ளவர்களும் முத்திரை வாங்கியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் கொழும்பில் இருந்து யோசித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியவில்லை. தோட்டத்து ஆளுக்கு மாதச் சம்பளம் இருக்கிறது, அவர்களைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துவிட்டார்கள். நம்முடையது ரப்பர். பட்டை நனைந்தால் கத்தி வைக்க முடியாது. எஹலியகொடைப் பக்கம் பெய்கிற மழை உனக்குத் தெரியும். மழைக் காலத்தில் விடியற்காலை பேர் பதிகிற பெரட்டுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவோம். அன்றைக்குப் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை. பதிந்த தொழிலாளிக்கே அந்த நிலைமை. பதியாமல் அன்றாடக் கைக்காசுக்குப் போகிறவர்களைக் கேட்கவே வேண்டாம். இதை அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்கு நம் பக்கத்தில் இருந்த வாய் என்னுடையதுதான்.

காமாட்சியின் புருசன் சுப்பையா, நான் பக்கத்து மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது, காற்றில் மரம் முறிந்து மேலே விழுந்து இறந்தான். நீ அப்போது கைக்குழந்தை. சாந்திக்கும் உன் வயதுதான். இன்னொன்று வயிற்றில் இருந்தது. பிரசவத்துக்கு அவள் வேலைக்குப் போகாமல் நின்றபோது, தோட்டத்துப் பேர்ப் பதிவான செக்ரோலில் பேரை வெட்டிவிட்டார்கள். அப்புறம் கைக்காசு வேலைதான், கூப்பிட்டால் போவாள். அந்த முத்திரைதான் மழைக் காலத்தில் அந்த வீட்டில் அடுப்பை எரிய வைத்தது. இதெல்லாம் எனக்குத் தெரியாதது இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவர்கள் இருந்தார்கள். அங்கே அகப்பை சட்டியில் படுகிற சத்தம் நமக்குக் கேட்கும். கேட்காத நாளும் நமக்குத் தெரியும்.

யாருக்கு முத்திரையை நிறுத்துவது என்று வீடு பார்க்க வந்தது ஒரு மழை நாளில்தான். நிவாரண உத்தியோகத்தர் சின்ன வயசுக்காரர். காலில் அட்டை கடித்து, நனைந்து, களைத்துப் போயிருந்தார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அமைப்பாளரும் கூட வந்திருந்தார். மேல் லயத்தைப் பார்த்துவிட்டு இறங்கும்போது உத்தியோகத்தர் சிங்களத்தில் சொன்னார்: "எல்லா வீட்டிலும் ஒரே அழுகை. இவர்களுக்குப் பழகிப்போய்விட்டது போல." அமைப்பாளர் என் தோளில் கையைப் போட்டு, "இந்த லயம் அப்படி இல்லை. இங்கே நம்ம தலைவர் இருக்கிறார், மானமுள்ள ஆட்கள்" என்றார். அந்தக் கை தோளில் இருக்கும்போதே நாங்கள் காமாட்சியின் வாசலுக்கு வந்துவிட்டோம்.

அவள் முன்பக்க இஸ்தோப்புத் திண்ணையில் ஒழுகுகிற இடத்தில் சட்டியை வைத்துக்கொண்டிருந்தாள். இந்த அம்மா எப்படிச் சமாளிக்கிறார் என்று கேளுங்கள் என்றார் உத்தியோகத்தர். நான் கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரை நேராகப் பார்த்துத் தமிழில் பேசினாள்.

"எங்கங்க சமாளிக்கிறது? மழ புடிச்சா எனக்கு வேலயே இல்லைங்க. நேத்தும் இன்னைக்கும் புள்ளைங்களுக்குப் பலாக்கொட்டதான் அவிச்சுக் குடுத்தேன். சின்னதுக்கு வயித்தால போகுது. மூத்தது பள்ளிக்கூடத்துல மயங்கி விழுந்து, டீச்சர் கூட்டியாந்து விட்டாங்க. முத்திரைய மட்டும் நிறுத்திப்புடாதீங்க சாமி. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். ஒங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

சொல்லிக்கொண்டே அவள் குனிந்தாள், பாப்பா. உண்மையிலேயே காலைத் தொடக் குனிந்தாள். உத்தியோகத்தர் பதறிப் பின்னால் நகர்ந்தார். அமைப்பாளர் என் தோளில் இருந்து கையை எடுத்தார். என் காது சூடாகியது. கடை வாசலில் மழையில் நின்ற மாமன் கண்ணுக்கு முன்னால் வந்தார். "எழும்பு, எழும்பு" என்று அவளை அதட்டினேன். உத்தியோகத்தர், "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். நான் சிங்களத்தில் சொன்னேன்: "மழை நாளில் கொஞ்சம் கஷ்டம்தான் என்கிறார். தோட்டத்தில் வேலை கிடைக்கிறது, நாங்களும் பார்த்துக்கொள்கிறோம். பழகிய முத்திரை நின்றுவிடுமோ என்று பயப்படுகிறார், அவ்வளவுதான்."

உத்தியோகத்தருக்கும் அது வசதியாக இருந்தது. தலையாட்டினார். அமைப்பாளரின் கை திரும்பவும் தோளுக்கு வந்தது. அவர்கள் போன பிறகு அம்மா என்னைக் கேட்டாள்: "அவ அவ்ளோ நேரம் பேசுனா. நீங்க இம்புட்டுதான் சொன்னீங்க. சிங்களத்துல அவ்ளோ சுருக்கமாவா இருக்கும்?" ஒனக்கு ஒரு மண்ணும் தெரியாது, வாய மூடு என்றேன். அம்மா அதற்கப்புறம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஆனால் பல நாள் நம் சோற்றுப் பானையில் அடிச்சோறு காணாமல் போகும். எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். நானும் கேட்டதில்லை.

காமாட்சிக்கு முத்திரை நின்றுபோனது. அந்த மழைக் காலம் முடிவதற்குள் யாரோ தரகர் வந்து சாந்தியைக் கொழும்பில் ஒரு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். நீங்கள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். கணக்கில் அவள்தான் உன்னைவிடக் கெட்டிக்காரி என்று நீயே சொல்வாய். அவள் போன அன்று பள்ளிக்கூடத்தில் இருந்து அழுதுகொண்டு வந்து, "சாந்தி ஏம்ப்பா போனா? அவங்க அம்மா ஏன் அனுப்புனாங்க?" என்று கேட்டாய். நான் உன்னை மடியில் வைத்துக்கொண்டு, "அவங்களுக்குப் படிப்போட அருமை தெரியல பாப்பா. நீ அப்பிடி இல்ல. நீ நல்லாப் படி" என்றேன். அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது. அந்த வாசலில் நான் சொன்னதையாவது வெட்கத்தில், பதற்றத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். உன்னிடம் சொன்னது அப்படி இல்லை. யோசித்துச் சொன்னேன். பழியை எடுத்து அவள் தலையில் வைத்தால் என் தலை இலேசாகும் என்று தெரிந்து சொன்னேன். நீ அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் படித்தாய் என்பது இன்னும் மோசம். உன் படிப்பைப் பற்றி யார் புகழ்ந்தாலும் எனக்கு உள்ளே எங்கேயோ குத்தும்.

சாந்தி வயதுக்கு வந்து பல வருடம் கழித்துத்தான் திரும்பி வந்தாள். இரத்தினபுரிப் பக்கம் கார்மென்டில் வேலை பார்த்து, அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டாள். நல்லபடியாக இருக்கிறாள். கொழும்பு வீட்டில் என்ன பட்டாள் என்று அவள் சொன்னதும் இல்லை, கேட்க எனக்கு யோக்கியதையும் இல்லை. உன் விழாவுக்கு அவள் வராதது கர்வத்தால் இல்லை. உன் பேச்சு ஸ்பீக்கரில் லயம் முழுக்கக் கேட்டது. அவள் அம்மாவின் காம்பராவில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். இதைக் காமாட்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆமாம், நான் காமாட்சியிடம் போனேன். நீ பெல்மதுளைக்குப் புறப்பட்டுப் போன மறுநாள். அவள் பின்பக்கம் விறகு பிளந்துகொண்டிருந்தாள். வந்த விஷயத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "பாப்பா மேடையில அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன்.

"சின்னப் புள்ள. கேட்டதச் சொல்லிச்சு" என்றாள். கோடரியை நிறுத்தவில்லை.

"அன்னைக்கு வீடு பாக்க வந்தாங்களே, அப்ப நான்..."

"தெரியும்ண்ணே."

"என்ன தெரியும்?"

"நீங்க சிங்களத்துல சொன்னது. எனக்கு அன்னைக்கே வெளங்கிச்சு." கோடரியைக் கட்டையில் குத்தி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்ப சரியாப் பேச வராது. ஆனா கேட்டா வெளங்கும். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போறவளுக்கு இது கூடவா வெளங்காது? 'தோட்டத்தில் வேலை கிடைக்கிறது'ன்னீங்க. 'நாங்களும் பார்த்துக்கொள்கிறோம்'னீங்க." அந்த இரண்டையும் சிங்களத்திலேயே, என் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

நான் பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அப்பவே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லத்தான் போனேன். முத்திர நின்னதும் டவுன் ஒபீசுக்கு நடந்து போயி, எனக்குத் தெரிஞ்ச சிங்களத்துல அழுது பொலம்புனேன். அங்க இருந்த ஒபீசர் மாத்தயா கேட்டாரு, 'உங்க தலைவரே உனக்குக் கஷ்டம் இல்லைன்னு சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொன்னாரா, நீ பொய் சொல்றியா?'ன்னு. அவருதான் பொய்யின்னு சொல்ல எனக்கு எம்புட்டு நேரம் ஆகும்? அந்த வாரந்தான் செக்பொயின்ட்டுல நம்ம பயலுக ரெண்டு பேரப் புடிச்சு வச்சிருந்தாங்க. நீங்கதான் தெனம் பொலிசுக்கு நடந்துக்கிட்டு இருந்தீங்க, நல்ல பசங்கன்னு சொல்லி. ஒங்க பேச்சு பொய்யின்னு நான் ஒபீசுல எழுத வச்சா, அங்க மட்டும் எப்பிடி நம்புவாங்க? புள்ளைங்கள வெளிய விடுவாங்களா? அதான் ஒண்ணும் சொல்லாம வந்துட்டேன். நாந்தான் பொய் சொன்னேன்னு நெனச்சுக்கிட்டாங்க. நெனச்சுக்கிடட்டும்."

அந்தப் பையன்கள் வெளியே வந்தார்கள், மகளே. அவர்களைக் கூட்டிக்கொண்டு லயத்துக்குள் வந்தபோது எனக்கு மாலை போட்டார்கள். உனக்கு அது ஞாபகம் இருக்கும், அந்த மாலையை நீதான் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாய். என் பேச்சுக்கு அத்தனை மதிப்பு என்று அன்று நினைத்தேன். அந்த மதிப்பைக் காப்பாற்றியது, சாப்பாட்டுக்கு வழி இல்லாமல் ஒபீசில் வாயை மூடிக்கொண்டு நின்ற ஒரு பெண். மானமுள்ள லயம் என்று அமைப்பாளர் சொன்னாரே. அந்த மானம் யாரிடம் இருந்தது என்று எனக்கு இத்தனை வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

நான் அழுதேன். மன்னித்துவிடு என்று கேட்டேன். அவள் பிளந்த விறகை அடுக்கினாள். பிறகு சொன்னாள்: "மன்னிப்பெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணே. அது வர்றப்ப வரட்டும். சாந்தி இருக்கா, அவ கிட்டயும் கேக்கணும் நீங்க. ஆனா ஒண்ணு. நீங்க சொன்னது அந்த ஒபீசுல இன்னும் அப்பிடியே கெடக்கு. எத்தனையோ தடவ எழுதிப் போட்டேன், 'உனக்கு ஏற்கனவே விசாரிச்சு முடிச்சாச்சு'ங்கிறாங்க. என் கூட வாங்க. அன்னைக்குச் சொன்ன அதே வாயால இப்ப சரியாச் சொல்லுங்க."

உன்னிடம் சொல்லி ஏதாவது செய்யலாமா என்று நான் கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "வேல கெடச்சு ஒரு மாசம் ஆகல. எனக்காகப் பேசி அந்தப் புள்ள மேல ஒரு சொல்லு வரக் கூடாது. ஒங்க தப்ப நீங்க போயிச் சொல்லுங்க" என்றாள். அதனால் இதை நீ அதிகாரி என்ற முறையில் படிக்காதே. யாருக்கும் போன் போடாதே. அவள் அதை விரும்பவில்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. நாளைக்கு நீ பெல்மதுளைப் பக்கத்து லயங்களுக்கு வீடு பார்க்கப் போவாய். ஒரு தலைவர் உன் கூடவே நடப்பார். என்னை மாதிரி நன்றாகப் பேசுவார், உனக்குக் கதிரை போடுவார், இந்த லயத்தில் அழுகிற ஆட்கள் இல்லை என்பார். அவரை மரியாதையாக வாசலில் நிற்க வைத்துவிட்டு நீ உள்ளே போ. உனக்குத் தமிழ் தெரியும், நம் பேச்சு தெரியும். அந்தப் பெண்ணிடம் நீயே கேள். அவள் சொல்லி முடிக்கும் வரை நில். காலில் விழப் பார்த்தால் பதறிப் பின்னால் போகாதே, கையைப் பிடித்துத் தூக்கு. அப்புறம் மேலே இருந்து என்ன உத்தரவு வந்தாலும், பணம் இல்லை என்று சொன்னாலும், அவள் சொன்னது சொன்னபடி மேலே போகட்டும். இல்லை என்று சொல்கிறவர்கள் அதைப் படித்துவிட்டாவது இல்லை என்று சொல்லட்டும்.

மேடையில் பேசியதற்காக நீ காமாட்சி அத்தையிடம் போய் நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதை நீயே யோசித்துக்கொள். ஆனால் அடுத்த முறை வரும்போது எனக்காக யாரிடமும் பரிந்து பேசாதே. அப்பா நிறைய நல்லது செய்தார் என்று சொல்லாதே. செய்திருக்கிறேன்தான். அதைக் கொண்டு இதை அடைக்க முடியாது.

போன செவ்வாய்க்கிழமை நாங்கள் டவுன் ஒபீசுக்குப் போனோம். பஸ்ஸில் அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள், நான் பின்னால் நின்றேன். ஒபீசில் காலையிலிருந்து மத்தியானம் வரை காத்திருந்தோம். ஆட்சி மறுபடியும் மாறி, உத்தியோகத்தர்களும் மாறிவிட்டார்கள். உன் வயதுடைய ஒரு பையன்தான் உட்கார்ந்திருந்தான். நான் அவன் முன்னால் நின்று சிங்களத்தில் சொன்னேன். மழை பிடித்தால் இந்த அம்மாவுக்கு வேலை இல்லை என்றேன். அன்று பலாக்கொட்டை அவித்துத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தார் என்றேன். சின்னவளுக்கு வயிற்றால் போனதையும், மூத்தவள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்ததையும் சொன்னேன். முத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம், வேறு ஒன்றும் வேண்டாம் என்று கேட்டார் என்றேன். ஒரு சொல்லும் விடவில்லை. அந்தப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஐயா, இது எப்போது நடந்தது? அந்தப் பிள்ளைகள் இப்போது எங்கே?" என்று கேட்டான். ஒருத்தி கல்யாணம் கட்டிப் போய்விட்டாள், மற்றவள் வேலைக்குப் போகிறாள் என்றேன். அவன் பேனாவைக் கீழே வைத்தான். வயசான விதவை என்று புதிதாக எழுதிக் கொடுக்கலாம், பார்க்கிறேன், உறுதி சொல்ல முடியாது என்றான். அதுவே பெரிது என்று நினைத்தேன்.

பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் இவருக்கு யார்?" என்று கேட்டான். தலைவர் என்று சொல்ல வாய் வரவில்லை. அண்ணன் என்று சொல்லவும் வரவில்லை. காமாட்சிதான் பதில் சொன்னாள். தடுமாற்றம் இல்லாத சிங்களத்தில், நல்ல சத்தமாக, அவனைப் பார்த்துச் சொன்னாள்:

"பக்கத்து வீட்டுக்காரர். எனக்குத் துணைக்கு வந்தார். மிச்சத்தை நானே சொல்கிறேன்."

நான் விலகி நின்றேன். அவள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசத் தொடங்கினாள்.

அப்பா